பதினோராம் அத்தியாயத்தின் குறை

பிரிக்பீல்ட்ஸ்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புத் தம்பி சிவேந்திரனுக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கு நான் நலம். பெர்த்தில் குளிர் தொடங்கியிருக்கும், பிள்ளைகளின் சளியைக் கவனிக்கும்படி ஜெயமாலாவிடம் சொல்.

உன் நாவலை இரண்டு தடவை வாசித்துவிட்டேன். அச்சுக்குப் போகுமுன் தாட்சண்யம் பார்க்காமல் குறை சொல்லச் சொன்னாய். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் கட்டுரை திருத்தியவளிடம் கேட்டிருக்கிறாய், கோபிக்கக் கூடாது.

கடல் ஏறி கோலாலம்பூர் மூழ்கியபின் இருநூறு பேர் மோனோரயில் பாலத்தின்மேல் வாழ்வதை நம்பும்படி எழுதியிருக்கிறாய். மழைநீருக்காக இரண்டு குடும்பங்கள் பேச்சை நிறுத்தும் இடத்தில் தாள்களைக் கீழே வைத்துவிட்டேன். கெட்டவன் என்று ஒருவனும் இல்லாமலே அத்தனை கெடுதலும் நடக்கிறது. அது கெட்டித்தனம்.

ஆனால் உன் ஆட்கள் அழிவைப் பற்றி ரொம்ப அழகாகப் பேசுகிறார்கள். ஷா ஆலம் வெள்ளத்தில் மாடியில் மாட்டிக்கொண்ட நாங்கள் யாரும் அப்படிப் பேசவில்லை. ஐசி அட்டை, அதுதான் அடையாள அட்டை, எங்கே, போனில் சார்ஜ் இருக்கிறதா, ஒண்ணுக்கு எங்கே போவது, இவ்வளவுதான் பேச்சு. ஐந்தாம் அத்தியாயத்துக்குப் பிறகு பெண்களையும் காணோம். அங்கே சமைப்பது யார்?

பதினோராம் அத்தியாயத்தில் ஒரு மகள் வருகிறாள். படுக்கையில் கிடக்கும் தகப்பனின் கையைக் கடைசிவரை பிடித்திருந்து, அவரோடு சேர்ந்தே தண்ணீரில் போய்விடுகிறாள். வாசிப்பவர்கள் அழுவார்கள். எனக்கு அழுகை வரவில்லை, அந்தக் காட்சி பொய். பிழை உன்னுடையது அல்ல. நான் சொன்னதை வைத்துத்தானே எழுதினாய்.

ஷா ஆலம் வெள்ளத்தன்று நடந்தது இதுதான். அப்பாவின் மருந்துப் பையை மேலே வைத்துவிட்டு வருகிறேன் என்று பக்கத்து வீட்டு ஜாபர் அலியின் மாடிக்குப் போனேன். திரும்பியபோது படிக்கட்டில் இடுப்பளவு தண்ணீர். அப்பாவோடு இருந்த ஜாபர் அலி எங்கள் வீட்டுக்குள்ளிருந்து கூப்பிட்டார். "அக்கா, இறங்கி வாங்க. ஒரு ஆளா தூக்க முடியல லா." மூன்று தடவை கூப்பிட்டார். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இறங்கவில்லை. தண்ணீர் இன்னும் ஏறிய பிறகு அவர் மட்டும் நீந்தி வந்தார்.

அவர் இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை. செமினிக்கு வீடு மாறிப் போனவர், தீபாவளிக்கு மட்டும் வாழ்த்து அனுப்புகிறார்.

கோவிட்டில் எல்லை அடைத்திருந்ததால் உன்னால் ஈமச்சடங்குக்கு வர முடியவில்லை. வாட்ஸ்ஆப்பில் அழுதுகொண்டே கேட்டாய். "அக்கா, நீங்க அப்பா கூடத்தானே இருந்தீங்க?"

இருந்தேன் என்றேன்.

அத்தியாயத்தை மாற்றுவதும் விடுவதும் உன் விருப்பம். மாற்றினால் அவளை நல்லவளாக்கப் பார்க்காதே. சாகடித்தும் விடாதே. அதற்குப் பிறகும் அவள் காலையில் எழுந்து, முகம் கழுவி, தேநீர் போட்டுக் குடிக்கிறாள் என்று எழுது.

முருகன் உன்னையும் ஜெயமாலாவையும் பிள்ளைகளையும் காக்கட்டும். இந்தக் கடிதம் கிடைக்கும் வாரம் நான் அழைக்கும்போது நீ போனை எடுக்காவிட்டால் புரிந்துகொள்வேன். அதற்கு அடுத்த வாரமாவது எடு, தம்பி.

உன் அக்கா,
குணேஸ்வரி