மாலை போட்ட படத்துக்குப் பின்னால்

12, வியாழன்
விடிந்ததிலிருந்து புழுக்கம். கடலூர்–சிதம்பரம் பஸ், ஜன்னல் சீட். இவரும் கூட. மருமகள் மலர் நடத்தும் எஸ்கேப் ரூமுக்கு. பூட்டிய அறைக்குள் விளையாட்டு: ஒரு மணி நேரத்துக்குள் கொலைகாரனைக் கண்டுபிடித்து, சாவி தேடி, கதவைத் திறக்க வேண்டும். மூன்று வாரமாக ஒரு குழுவும் திறக்கவில்லை. ஞாயிறு வரை பார்த்துவிட்டு இடத்தைக் காலி செய்கிறேன் என்கிறாள். முகமே வாடிவிட்டது.

ஆடினவர்கள் எழுதும் நோட்டு. ஒளித்து வைத்திருந்தாள், பிடுங்கிப் படித்தேன்.
– "ரத்தக் கறை சூப்பர். கடைசி சாவி மட்டும் உலகத்துலயே இல்ல."
– "மச்சான்தான் கொலைகாரன்னு அஞ்சே நிமிஷத்துல தெரிஞ்சிபோச்சி. வெளிய வரத்தான் வழி தெரியல."
– "ஏசி நல்லா இருந்துச்சி."

13, வெள்ளி
கேமராவில் பார்த்தேன். கீரப்பாளையத்துப் பையன்கள் நாலு பேர். மெத்தையைப் புரட்டி, அரிசி டின்னைக் கவிழ்த்து... கதைப்படி செத்தவர் படத்தருகே ஒருவன் கை நீட்டினான். இன்னொருவன், "டேய், மாலை போட்ட படம்டா, கைய வைக்காத!" கன்னத்தில் போட்டுக்கொண்டு நகர்ந்துவிட்டான்.

சாவி அதன் பின்னால்தான். அந்த இடத்தைச் சொன்னவள் நான். படத்தில் இருப்பது இவர். பிளாஸ்டிக் மாலை போட எனக்குத்தான் தயக்கம், இவருக்கு ஒரே குஷி. இப்போது என் பக்கத்தில் உட்கார்ந்து முறுக்கு தின்கிறார்.

மாலை போட்ட படத்தை யாரும் தொடமாட்டார்கள் என்று மலருக்கு முதல் வாரமே தெரியுமாம். "நீங்க ஆசையா சொன்ன இடம் அத்தை. எப்புடி மாத்தறது?" அசட்டுப் பெண். வகுப்பில் நாற்பது பேரும் ஒரே கணக்கைத் தப்பாகப் போட்டால் பிழை கேள்வித்தாளில். இனி மாற்ற நேரமில்லை. எல்லாத் துப்பும் அந்தப் படத்தில்தான் போய் முடிகிறது.

15, ஞாயிறு
கடைசிக் குழு. அண்ணாகிராமத்துக் குடும்பம், ஐந்து பேர். ஐம்பத்திரண்டாவது நிமிஷம், படத்தின் முன் நின்றார்கள். கும்பிட்டார்கள். திரும்பினார்கள். மலர் கண்ணை மூடிக்கொண்டாள். இவர் சட்டென்று அறைக்குள் பேசும் மைக்கைப் பிடித்து, "நான்தாங்க செத்தவன். படத்த எடுத்துப் பாருங்க, கோச்சிக்க மாட்டேன்."

உள்ளே அலறல். அந்தம்மா மட்டும், "மன்னிச்சிக்குங்க ஐயா" என்று படத்தைத் தூக்கினார். சாவி! கதவு திறந்தது. வெளியே இவரைப் பார்த்து மறுபடி அலறல், அப்புறம் செல்ஃபி.

நோட்டில்: "செத்தவரே வழி சொன்னாரு! அடுத்த வாரம் சித்தப்பா வீட்டு ஆளுங்களயும் இட்டுகினு வர்றோம்."

மலர் கட்டட ஓனருக்கு போன். "காலி பண்ணலங்க." என் கையைப் பிடித்துக்கொண்டே இவரிடம், "மாமா, நாளைக்கும் பத்து மணிக்கு வந்துடணும்."

"செத்தவனுக்கு ஏதும்மா லீவு?"