பாதியில் அணைந்த இறுதியாட்டம்

செடெனாக்
4.8.2024

அன்பு மச்சான் கமலநாதனுக்கு,

என் எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள். கோயில் மண்டபத்து முதியோர் வகுப்பில் எட்டு மாதம் படித்து, நான் எழுதும் முதல் கடிதம் இது. உன் பெயரை முழுதாக எழுதிவிட்டேன்! அறுபத்தாறு வயதில் எனக்கே சிரிப்பு அடங்கவில்லை.

ரப்பர்த் தோட்டத்து மண்டபத்தில் டிவியில் பந்து பார்த்தோமே, கரண்ட் இல்லாத காலம். கார் பேட்டரியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டுபோய் டவுனில் சார்ஜ் போட்டு வருவது உன் வேலை. வெளியே ஏரியல் கம்பத்தைத் திருப்புவது என் வேலை. "இன்னும் கொஞ்சம்! போதும்! அலமாக், போச்சுடா!" என்று உள்ளிருந்து கத்துவார்கள். பந்து எது, திரையில் கொட்டும் வெள்ளைப் புள்ளி எது என்று தெரியாமலே கோல் என்று குதிப்போம்.

மெர்டேக்கா கிண்ணக் கால்பந்து இறுதியாட்டத்தன்று பாதியில் படம் சுருங்கி அணைந்ததே, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். "சார்ஜ் போடாம ஊர் சுத்திட்டு வந்தியாடா?" என்று உன் அப்பா எல்லார் முன்னாலும் உன்னைப் பெல்ட்டால் அடித்தார். நீ போட்டுத்தான் வந்தாய். அன்று மத்தியானம் மண்டபத்துக் கதவைச் சாத்திக்கொண்டு, நான் தனியாக வேறொரு ஆட்டம் பார்த்தேன். பேட்டரியைத் தீர்த்தவன் நான். நீ அடிவாங்கியபோது ஜன்னலுக்கு வெளியே கம்பத்தைப் பிடித்தபடி நின்றேன்.

போனில் சொல்ல வாய் வரவில்லை.

திருச்செல்வம்


மெர்சிங்
11.8.2024

டேய் திரு,

மணலில் நண்டு ஓடியதுபோல் எழுதியிருக்கிறாய். மூன்று முறை படித்தேன்.

அடி மறந்துவிட்டது. ஆனால் அப்பா அதற்குப் பிறகு என்னை நம்பி ஒரு வேலையும் கொடுக்கவில்லை. பதினேழு வயதில் இங்கே மீன்பிடிப் படகு ஏற வந்தது அதனால்தான். அவரிடம் இனிச் சொல்ல முடியாது. உன் வீட்டில் என் தங்கை இருக்கிறாள். ஒவ்வொரு தீபாவளிக்கும் பேரப்பிள்ளைகள் முன்னால், "உங்க மெர்சிங் தாத்தா பேட்டரிலயே ஊரை ஏமாத்துனவரு" என்று சிரிக்கிறாள். நீயும் முறுக்கு தின்றுகொண்டே சிரிக்கிறாய்.

உன் கடிதத்தை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். புஷ்பவள்ளிக்குப் படித்துக் காட்டு. அதுவரை எனக்கு எழுதாதே.

கமலநாதன்


செடெனாக்
22.8.2024

அன்பு மச்சான்,

படித்துக் காட்டிவிட்டேன். எழுத்துக் கூட்டிப் படிக்க அரை மணி நேரம் ஆனது. புஷ்பவள்ளி கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். கதவைச் சாத்திய இடத்தில் அவள் கை நின்றது. "அண்ணனுக்கு முதுகுல நாந்தான் எண்ணெய் தடவுனேன்," என்றாள். அவ்வளவுதான். மூன்று நாள் என் சாப்பாட்டை மேசையில் மூடி வைத்துவிட்டு, அவள் அடுப்படியில் தனியாகச் சாப்பிட்டாள்.

நாலாம் நாள் வந்து சொன்னாள்: "தீபாவளிக்கு அண்ணன் வரட்டும். புள்ளைங்க முன்னால இதை நீங்களே படிக்கணும். முழுங்காம படிக்கணும்லா."

தினமும் சத்தமாகப் படித்துப் பழகுகிறேன். "நான் தனியாக" என்று வரும்போது அந்தச் சொல்லை விழுங்கிவிடுகிறேன். அவள் அடுப்படியிலிருந்தே, "மறுபடி முதல்லேருந்து," என்கிறாள்.

நீ கட்டாயம் வர வேண்டும். அடுத்த வாரம் மறுபடி எழுதுகிறேன். அதற்குள் அந்த வரியைத் தாண்டப் பார்க்கிறேன்.

உன்
திரு