நாத்தனார் முடிச்சும் என் மங்கும்

ஜனவரி 19, ஞாயிறு

தம்பிக்குப் பெண் பார்க்க அனந்தபுரம் போய் வந்தோம். பெண் பெயர் வித்யாஸ்ரீ. அப்பா அங்கே மளிகைக் கடை வைத்திருக்கிறார். பெண் தங்கம். அருண்பிரசாத் தட்டில் இருந்த கேசரியைத் தொடவே இல்லை. அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, பையன் விழுந்துவிட்டான் என்று.

எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, அந்த அத்தை வாயைத் திறக்கும் வரைக்கும். பெண்ணின் அத்தை, மாரியம்மாள். நான் செஞ்சி கடைத்தெருவில் பியூட்டி பார்லர் வைத்திருப்பதை அம்மா பெருமையாகச் சொன்னாள். கல்யாணப் பெண்ணுக்கு ஷோபனாவே மேக்கப் போட்டுவிடுவாள் என்றும் சேர்த்துச் சொன்னாள். அந்த அம்மாள் என் கன்னத்தை உற்றுப் பார்த்தாள். "பார்லர் வெச்சிருக்கறவங்க மூஞ்சியே இப்பிடி மங்கு புடிச்சிக் கெடக்குதே. நம்ம பொண்ணுக்குப் பாண்டிச்சேரியிலேருந்து ஆளு வரவெச்சிக்கலாம்" என்றாள்.

கூடத்தில் இருந்த அத்தனை பேரும் என் மூஞ்சியைப் பார்த்தார்கள். வந்த கோபத்துக்கு காபியை அவள் தலையில் கவிழ்த்திருப்பேன். தம்பிக்காக அடக்கிக்கொண்டேன்.

மங்கு இருக்கிறது. இல்லை என்று யார் சொன்னது? இரண்டு கன்னத்திலும், மூக்குத் தண்டிலும், காப்பிப் பொடி சிந்தின மாதிரி. பாப்பா வயிற்றில் இருந்தபோது வந்தது, அவள் பிளஸ் டூ போன பிறகும் போகவில்லை. தினமும் பவுண்டேஷன் பூசித்தான் கடையைத் திறக்கிறேன். இன்று வண்டியில் போன வெயிலுக்கு எல்லாம் வழிந்துவிட்டது. அது போகட்டும். செஞ்சியைச் சுற்றி எத்தனை ஊர்ப் பெண்கள் என் கையால் மணமேடை ஏறியிருக்கிறார்கள்! என் தம்பி பெண்டாட்டிக்குப் பாண்டிச்சேரி ஆளா?

ஜனவரி 20, திங்கள்

அம்மா போன் செய்தாள். "வுட்டுத் தள்ளுடி. அவங்களுக்கு வாய் நீளம்."

விடுவதா? நானா?

ஜனவரி 28, செவ்வாய்

செவ்வாய்க்கிழமை பார்லர் பக்கம் யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். பாண்டிச்சேரியில் ஒரு தோல் டாக்டரிடம் போனேன். என் வீட்டுக்காரர் வெற்றிவேல், மார்க்கெட் கமிட்டிக்கு நெல் லோடு ஏதும் இல்லை என்று தன் டெம்போவிலேயே கூட்டிப் போனார்.

டாக்டரம்மா என்னைவிடச் சின்னவள். என்ன போடுகிறீர்கள் என்று கேட்டாள். ப்ளீச், ஸ்க்ரப், கோல்டு ஃபேஷியல், எல்லாம் என் கையாலேயே என்றேன், கொஞ்சம் கெத்தாகவே. "மங்கு போகாம இருக்கறதுக்கு அதுவும் ஒரு காரணம்" என்றாள். சுருக்கென்றது.

பிறகு கேட்டாள்: "உங்களுக்கு எது வேணும்? ஒரு நாளு மட்டும் பளபளன்னு இருக்கணுமா, தோலு நல்லாகணுமா?" தோல் நல்லாக வேண்டுமென்றால், கையில் கொஞ்சம் ரத்தம் எடுத்து, மெஷினில் சுற்றி, மேலே தெளிகிற மஞ்சள் தண்ணீரை நுண்ணூசியால் முகத்தில் இறக்குவார்களாம். தோல் தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளுமாம். மாதக்கணக்கில் ஆகும். சன்ஸ்கிரீன் இல்லாமல் வாசப்படி தாண்டக் கூடாது. ப்ளீச், ஃபேஷியல் கூடவே கூடாது. ஊசி போட்ட வாரம் மேக்கப்பும் கிடையாது. இத்தனைக்குப் பிறகும் முழுசாகப் போகும் என்று சொல்ல முடியாதாம், குறையுமாம்.

திரும்பும் வழியெல்லாம் பொருமிக்கொண்டே வந்தேன். ஃபேஷியல் என்ன பொய்யா? ஒரு பெண் ஒரு நாள் மேடையில் ஜொலிப்பது சின்ன விஷயமா? வெற்றிவேல் சிரித்தார். "ஒன் தொழில அவங்க ஒன்னும் சொல்லல. ஒன் மூஞ்சியத்தான் சொன்னாங்க."

ரொம்ப ஆறுதல்.

பிப்ரவரி 25, செவ்வாய்

இத்தனை நாள் களிம்பு மட்டும். இன்று முதல் ஊசி. முகம் தக்காளிப் பழம். ஞாயிற்றுக்கிழமை தம்பிக்கு நிச்சயதார்த்தம் என்று டாக்டரிடம் வாயே திறக்கவில்லை. சொன்னால் தள்ளிப் போட்டிருப்பாள்.

மார்ச் 1, சனி

சிவப்பு அடங்கிவிட்டது. ஆனால் மங்கு அப்படியே. நாளைக்கு இந்த மூஞ்சியோடா மாரியம்மாள் முன்னால் நிற்பது?

கடையைச் சாத்திக்கொண்டு ப்ளீச் போட்டேன். அதற்கு மேல் கோல்டு ஃபேஷியல். டாக்டர் கூடாது என்றது விஷயம் தெரியாதவர்களுக்கு. எனக்குத் தெரியாத ப்ளீச்சா? என் தோல் என் கைக்குப் பழகினது.

மார்ச் 2, ஞாயிறு

ஜொலித்தேன்! மாரியம்மாள் இரண்டு தரம் திரும்பிப் பார்த்தாள். அம்மாடி, என்ன சுகம்.

மார்ச் 4, செவ்வாய்

எரிகிறது. தண்ணீர் பட்டாலே மிளகாய் அரைத்துப் பூசின மாதிரி எரிகிறது.

மார்ச் 11, செவ்வாய்

தோல் உரிந்து, உரிந்த இடமெல்லாம் கறுத்துவிட்டது. முன்னே காப்பிப் பொடி. இப்போது அடுப்புக்கரி. டாக்டர் என்னைப் பார்த்ததும் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டாள். "நீங்க பார்லர்காரங்க. உங்களுக்கே தெரியாதா?"

தெரிந்ததால்தானே செய்தேன், தாயே. தெரியாதவள் பயந்துகொண்டு சும்மா இருந்திருப்பாள்.

ஆறும் வரைக்கும் பவுண்டேஷன் கூடாதாம், பவுடர்கூட ஆகாதாம். பார்லர்காரி வெறும் மூஞ்சியோடு கடையில் உட்கார்ந்தால் எவள் வருவாள்? பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். பாப்பாவுக்குக் கேட்டிருக்கும்.

மார்ச் 14, வெள்ளி

இரண்டு நாள் கடை திறக்கவில்லை. நேற்று இரவு வெற்றிவேல் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்: "இன்னா, கடைய வித்துடலாமா?"

என்ன திமிர்! காலையில் முதல் ஆளாகப் போய் ஷட்டரைத் தூக்கினேன். கடை என்னுது. மூஞ்சியும் என்னுது. பார்க்க முடியாதவர்கள் கண்ணை மூடிக்கொண்டு புருவம் எடுத்துக்கொள்ளட்டும்.

வந்தார்கள். ஒருத்தி "அம்மையா அக்கா?" என்று வாசலிலேயே நின்றாள். "இல்லடி, கொழுப்பு" என்றேன். நடந்ததைச் சொன்னேன். சிரித்துக்கொண்டே வந்து உட்கார்ந்தாள்.

ஏப்ரல் 5, சனி

தொண்டூரிலிருந்து பூவாயி வந்தாள். வேர்க்கடலை பிடுங்கப் போகிறவள். மகளுக்குப் புருவம் எடுக்க வரும்போதெல்லாம் முந்தானையைத் தலையில் போட்டு கன்னம் வரைக்கும் இழுத்துக்கொண்டு ஓரமாக உட்காருவாள். இன்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தவள், முந்தானையை எடுத்துவிட்டாள். எனக்கு இருப்பதைவிட அடர்த்தியான மங்கு.

"ஒனக்கும் இருக்குதா ஷோபனா? பார்லர்காரிக்கே இருக்குதுன்னா நான் இன்னாத்துக்குப் பொத்தினு கெடக்கறேன்!" என்று தொடையைத் தட்டிச் சிரித்தாள். ப்ளீச் போடு என்றாள். மாட்டேன் என்றேன். வெயிலுக்குத் துண்டு கட்டச் சொல்லி, டாக்டர் விலாசத்தையும் எழுதிக் கொடுத்தேன். என் கடையில் வந்து ப்ளீச் கேட்டவளை நான் திருப்பி அனுப்பியது இதுதான் முதல் தடவை. ஏனோ நெஞ்சு நிமிர்ந்தது.

ஏப்ரல் 22, செவ்வாய்

ஊசியை மறுபடி ஆரம்பித்துவிட்டார்கள். வாய்தான் நீளம், அந்த டாக்டர்ப் பெண்ணுக்குக் கை பஞ்சு.

மே 12, திங்கள்

வித்யாஸ்ரீ தோழியோடு கடைக்கு வந்தாள், சொல்லாமல் கொள்ளாமல். வாயில் நூலைக் கடித்தபடி ஒருத்திக்குப் புருவம் எடுத்துக்கொண்டிருந்தேன். வெறும் மூஞ்சி. ஓடி ஒளியவும் முடியாது.

பெஞ்சில் உட்கார்ந்து நான் வேலை செய்வதையே பார்த்தாள். கூட்டம் போனதும் சொன்னாள்: "அண்ணி, நீங்கதான் எனக்கு மேக்கப் போடணும். பாண்டிச்சேரிக்காரங்க என் பருத் தழும்பப் பாத்துட்டு உச்சு கொட்டினாங்க. எனக்கு அழுகையே வந்துடுச்சி. நீங்க இங்க யாரப் பாத்தும் உச்சு கொட்டல."

"ஒங்க அத்தை?"

"அத்தைகிட்ட நான் பேசிக்கறேன்."

ஜெயித்துவிட்டேன்! வீட்டுக்கு வந்து பாயசம் வைத்தேன். எதற்கு என்று கேட்ட வெற்றிவேலிடம் குடியுங்கள் என்றேன்.

மே 27, செவ்வாய்

இப்போது ஒரு சங்கடம். அடுத்த ஊசி ஜூன் 3. கல்யாணம் ஜூன் 8. வேண்டுமானால் தள்ளிப் போடலாம், ஆனால் இந்த வெயிலில் இடைவெளி விட்டால் மங்கு மறுபடி ஏறலாம் என்கிறாள் டாக்டர். போட்டுக்கொண்டால் கல்யாணத்தன்று முகத்தில் சன்ஸ்கிரீனைத் தவிர ஒன்றும் படக் கூடாது.

மற்ற நாளாக இருந்தால் யோசிக்கவே மாட்டேன். தாலி கட்டும்போது தம்பி ஒரு முடிச்சு போட்டதும் மீதி இரண்டு முடிச்சை நாத்தனார் நான் போட வேண்டும். பெண்ணுக்குப் பின்னால், குனிந்தபடி. மண்டபத்தில் இருக்கிற கேமரா எல்லாம் அந்த நேரம் என் மூஞ்சிக்கு நேராக இருக்கும். ஆயுசுக்கும் இருக்கப்போகிற போட்டோ. எனக்கு ஒரே தம்பி, இன்னொரு தடவை வராது.

ஊசியைத் தள்ளிப் போட்டுவிட்டு ஃபேஷியல் போட்டுக்கொண்டால் என்ன? ஒரே ஒரு நாள். மற்ற பெண்களுக்கு அந்த ஒரு நாளைத்தானே நான் கொடுக்கிறேன்? எனக்கு மட்டும் கூடாதா?

கூடாது என்று இல்லை. மார்ச் மாதத்திலிருந்து இந்த மூஞ்சியோடு கடைத்தெருவில் நிமிர்ந்து நடந்திருக்கிறேன். ஊரே பார்த்தாகிவிட்டது. கறுப்பு குறைந்திருப்பது எனக்குத் தெரிகிறது, டாக்டர் சொல்ல வேண்டியதில்லை. அடம் பிடித்துச் சம்பாதித்தது. அதைப் போய் ஒரு மாரியம்மாளுக்காகத் தூக்கிக் கொடுப்பேனா?

ஆனாலும் ஆசையாக இருக்கிறது. ச்சே.

ஜூன் 3, செவ்வாய்

ஊசி போட்டுக்கொண்டேன். போட்டோவாவது ஒன்றாவது.

ஜூன் 8, ஞாயிறு

விடியும் முன்னே மண்டபத்தில் வித்யாஸ்ரீக்கு மேக்கப். தழும்பை முழுக்கப் பூசி மெழுகாமல், அவள் முகம் அவள் முகமாகவே தெரிகிற மாதிரி போட்டேன். கண்ணாடியைப் பார்த்து, "நானேதான் அண்ணி, ஆனா சூப்பரா இருக்கறேன்" என்றாள். என் கையை நானே முத்தமிட்டிருப்பேன், மை ஒட்டியிருந்தது.

பட்டுப்புடவை, தலை நிறையப் பூ, வெறும் மூஞ்சி. மாரியம்மாள் படியிலேயே பிடித்துக்கொண்டாள். "இன்னா ஷோபனா, தூங்கி எழுந்து மூஞ்சி கழுவினு நேரா வந்துட்டியா?"

"ஆமாம் அத்தை. கழுவினாலும் போகாத மூஞ்சி இது. நீங்களும் ஒரு தரம் கழுவிட்டு வாங்களேன், பாக்கலாம்" என்றேன். பக்கத்தில் நின்ற பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். முகம் சுருங்கி, அவள் கன்னத்தில் அப்பியிருந்த பவுடர் வெடித்துப்போனது. பாவம்தான். ஆனால் ரொம்பப் பாவம் இல்லை.

கெட்டிமேளம். தம்பி ஒரு முடிச்சு போட்டான். நான் இரண்டு போட்டேன், இறுக்கி. ஃபிளாஷ் கண்ணில் அடித்தது. முகம் கோணாமல் நேராகப் பார்த்தேன்.

ஜூலை 14, திங்கள்

போட்டோ ஸ்டூடியோ ராஜாராம் ஆல்பம் கொண்டுவந்தான். முடிச்சுப் போடும் பக்கத்தைத் திருப்பினால், யாரோ ஒருத்தி! சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி ஒரு மூஞ்சி. மங்கு இல்லை, சிரிப்புக் கோடு இல்லை, மூக்குகூடப் பாதிதான் இருக்கிறது.

"எல்லாருக்கும் பண்றதுதான்க்கா" என்றான் பெருமையாக. "ஒங்களுக்குத்தான் அதிக நேரம் புடிச்சிது. மங்கு மொத்தத்தையும் எடுத்துட்டேன்."

"யாரக் கேட்டு எடுத்த? ஊசி குத்திக்கினு, எரிச்சல்ல அழுது, நானா கொறச்ச மங்குடா அது. மிச்சம் இருக்கறதும் என்னுது. ஒழுங்கா என் மூஞ்சியத் திருப்பிப் போட்டுக் கொண்டா" என்றேன். கடையில் இருந்தவர்கள் எல்லாம் எழுந்து நின்றுவிட்டார்கள். அவன் ஆல்பத்தை மார்போடு அணைத்துக்கொண்டு படியிறங்கினான்.

ஜூலை 23, புதன்

மாற்றிக் கொண்டுவந்தான். நான்தான். கன்னத்தில் லேசான நிழலாக மங்கு, நெற்றியில் வியர்வை, பல்லைக் கடித்துக்கொண்டு முடிச்சை இழுக்கிறேன். எவ்வளவு திமிராக இருக்கிறேன்! கண்ணை எடுக்க முடியவில்லை.

ராஜாராம் தலையைச் சொறிந்தான். "அக்கா, டச் பண்ணாத போட்டோ இவ்ளோ நல்லா வரும்னு நெனைக்கல. பெருசாப் போட்டு ஸ்டூடியோ கண்ணாடியில மாட்டிக்கட்டுமா? நீங்க வேணாம்னா..."

கடைத்தெருவில், போகிறவர் வருகிறவர் எல்லோரும் பார்க்கும்படி, மங்கோடு, நான்.

"மாட்டிக்கோ" என்றேன். "அடியில பார்லர் பேரு போடு. பெரிய எழுத்துல."