அடுப்பு கழற்றிய வண்டி

1954 மார்ச் 9

பள்ளிக்கூடத்தில் இன்று இன்ஸ்பெக்‌ஷன். என் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் வாய்ப்பாட்டைத் தப்பில்லாமல் ஒப்பித்தார்கள். அந்தச் சந்தோஷத்தோடு வீட்டுக்கு வந்தால், வாசலில் பழைய இரும்பு வாங்குகிறவன் தார்ப்பாயைத் தூக்கி என் வீட்டுக்காரருடைய மோட்டார் வண்டியைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அத்தைதான் வரச் சொன்னாளாம்.

"எடுத்துக்கினு போவட்டும். குடிச்சிட்டுச் செத்தவன் வண்டி நம்ம வாசல்ல எதுக்கு?"

அந்த ஆளை விரட்டிவிட்டேன். அத்தைக்குச் சோறு மட்டும் போட்டேன்.

மார்ச் 10

இவர் போய்ச் சேர்ந்தது தை மாதம். அத்திப்பள்ளியிலிருந்து ஒரு புளி வியாபாரியை ஏற்றிக்கொண்டு கிருஷ்ணகிரிக்குப் போனார். பட்டப்பகல். சூளகிரி தாண்டி நேரான ரோடு, எதிரே ஒரு மாட்டுவண்டிகூட இல்லை. வண்டி ரோட்டை விட்டிறங்கி மரத்தில் மோதியது. கதவு திறந்து இவர் வெளியே விழுந்தார். வியாபாரிக்குச் சிராய்ப்பு மட்டும்.

சீட்டுக்கடியில் உடைந்த சாராய பாட்டில். அத்திப்பள்ளி மைசூர்ப் பக்கம், அங்கே கடை திறந்து விற்கிறார்கள்; இங்கே மதுவிலக்கு, எல்லை தாண்டிக் கொண்டுவந்தால் ஜெயில். அந்தப் புளிக்காரப் புண்ணியவான் தன்னுடையது என்று சொல்வானா? "டிரைவருதுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். அத்திப்பள்ளியிலிருந்து வருகிறவன் ரோட்டோரம் விழுந்தால் குடிதான் என்று ஊரே முடிவு கட்டி வைத்திருக்கிறது.

ஊர் கிடக்கட்டும். பெற்றவள், அத்தை? மாமனார் குடித்தே செத்தவர். மீசை முளைக்காத வயதில் இவர் அத்தை முன்னால் குடிக்கவே மாட்டேன் என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தவர். அதனால்தான் பாட்டில் சங்கதி காதில் விழுந்ததும் அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். வாசலில் பாடை கட்டும்போதுகூட எழுந்து வந்து மகன் முகத்தைப் பார்க்கவில்லை.

"தெளிவா இருக்கிறவன் நேர் ரோட்டுல எதுக்குடி வண்டியை எறக்குவான்?" இதே கேள்விதான் இன்றுவரை.

பதில் அந்த வண்டியில்தான் இருக்க வேண்டும். அதை இரும்புக்காரனிடம் கொடுப்பேனா?

மார்ச் 14

மாடு பூட்டி இழுத்துக்கொண்டுபோய் கங்கப்பன் அண்ணன் ஷெட்டில் விட்டேன். பழைய காலத்திலிருந்தே இந்த வண்டிக்கு வைத்தியம் பார்க்கிறவர் அவர்தான். ஆளும் கெட்டிக்காரர். சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்.

"முன்பக்கம் ஓரமா இடிச்சிருக்குது டீச்சரம்மா. ரேடியேட்டர் போச்சி, மட்கார்டு போச்சி. முன்னச்சு வளையல. ஸ்டியரிங்குல கோளாறு இருந்திருந்தா இப்பவும் அங்கியே இருக்கும். தேடிப் பாக்கறேன்."

மார்ச் 21

முன்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி மேலும் கீழும் பிடித்து ஆட்டிக் காட்டினார். ஆடவில்லை. சக்கரம் திரும்புகிற கிங் பின் புதுசு போல இருக்கிறதாம்.

மார்ச் 28

ஸ்டியரிங் பெட்டியைத் திறந்து பல்லைப் பார்த்தாயிற்று. டை ராடு, ஸ்பிரிங் பட்டை, பேரிங் — "எல்லாம் கெட்டியா கீது."

மற்றவர்கள் வண்டிக்கு ஒன்றும் ஆகியிருக்கக் கூடாது என்று வேண்டிக்கொள்வார்கள். நான் ஷெட்டு வாசலில் உட்கார்ந்து, ஏதாவது ஒன்று உடைந்திருக்கட்டும் சாமி என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

ஏப்ரல் 4

ஒன்றுமில்லை. வண்டிமேல் ஒரு குறையும் இல்லையாம்.

ஏப்ரல் 5

குடிச்சியா? சொல்லு. என்கிட்ட மட்டுமாவது சொல்லு. ஒரு வாய்தான்னாலும் சொல்லித் தொலை. உங்கம்மா முன்னால கற்பூரம் அடிச்சுச் செஞ்ச சத்தியத்தை எடுத்துக்கினு போய் அத்திப்பள்ளிக் கடையில வச்சியா? நான் ஒருத்தி ஊரெல்லாம் சண்டை போட்டுக்கினு திரியறேனே, என்னைப் பாத்தா உனக்குச் சிரிப்பா இருக்குதா?

இன்று அவர் படத்துக்கு விளக்கு வைக்கவில்லை.

ஏப்ரல் 11

ரேடியேட்டர் மாற்றி வண்டியை ஓட வைத்துவிட்டார் அண்ணன். என்னையும் ஏற்றிக்கொண்டு சூளகிரி ரோட்டில் ஓட்டினார். வேகம் பிடித்ததும் வண்டி இடமும் வலமுமாய் அலைந்தது. வளைவில் திருப்பிய ஸ்டியரிங் தானாக நேருக்கு வரவில்லை; கையால் இழுக்க வேண்டியிருந்தது.

"எல்லாம் நல்லாத்தான இருக்குது, இது ஏன் இப்டி அலையுது?" என்று தனக்குத்தானே முணுமுணுத்தார்.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு ஆத்திரம் வந்ததோ. "என்னைக் கேட்டா? அவரும் இதைத்தான் தெனம் பொலம்பினாரு! அடுப்பு இருந்த வரைக்கும் நல்லா ஓடுச்சு, அடுப்பைக் கழட்டினதிலேருந்து ரோட்டுல நிக்க மாட்டேங்குதுன்னு!"

அடுப்பு என்றால் வண்டியின் பின்னால் யுத்தகாலத்தில் மாட்டிய கரி கேஸ் அடுப்பு. பெட்ரோல் கிடைக்காத நாளில் எல்லா வண்டியிலும் இருந்தது. அஞ்செட்டிக் காட்டுக் கரி மலிவு என்று இவர் போன வருஷம்வரை வைத்திருந்தார். அடுப்பை நினைத்து ஏங்குகிறார் என்று நான் கேலி செய்வேன்.

அண்ணன் வண்டியை ஓரமாய் நிறுத்திவிட்டார். முகம் செத்துப்போயிற்று. ஷெட்டுக்குத் திரும்பி, பின்பக்கம் மணல் மூட்டைகளை ஏற்றினார். மறுபடி ஓட்டினார். வண்டி நூல் பிடித்த மாதிரி நேராகப் போனது.

ஏப்ரல் 12

முன் ஸ்பிரிங்குக்கும் அச்சுக்கும் நடுவில் இரண்டு பக்கமும் ஒரு இரும்பு ஆப்பு. விரல் கனம்கூட இல்லை. முன்னச்சு கொஞ்சம் பின்னுக்குச் சாய்ந்து நின்றால்தான் சக்கரம் தானாக நேருக்கு வருமாம். அடுப்பின் பாரத்தால் பின்பக்கம் தாழ்ந்து, அந்தச் சாய்வு அதிகமாகிவிட்டது. அதைச் சரிக்கட்ட வைத்த ஆப்பு. அடுப்பு போனது. ஆப்பு அங்கேயே இருந்து, இருக்க வேண்டிய சாய்வையும் தின்றுவிட்டது.

"யார் வச்சது?" என்றேன்.

"நான்தாம்மா." கீழேயே உட்கார்ந்துவிட்டார். "வச்சதும் நான்தான், அடுப்பைக் கழட்டினதும் நான்தான். இது ஞாபகத்துலயே இல்ல. ரோடு போடறவங்க கொட்டன ஜல்லியில சக்கரம் லேசா ஏறியிருந்தாக்கூடப் போதும், வண்டி இழுத்துக்கினு போயிருக்கும். மனுசன் புடிச்சி நிறுத்த முடியாது."

ஸ்பானரை எடுத்து அவர் மண்டையில் போடலாமா என்றிருந்தது. பொய்யில்லை. ஆனால் அவர் வாய் திறக்காமல் அந்த ஆப்பை எடுத்து எறிந்திருந்தால் யாருக்குத் தெரியும்?

"இதை எங்க அத்தைகிட்ட வந்து சொல்லுங்க" என்றேன். "வரேன்" என்றார்.

ஏப்ரல் 13

வருஷப் பிறப்பு. கங்கப்பன் அண்ணன் வந்தார். அத்தை முன்னால் தரையில் உட்கார்ந்து, ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். "உம்மவன் குடிக்கலம்மா. என் தப்பு. என்னை என்ன வேணா செய்."

அவரை அத்தை வைவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று பயந்தேன். அவள் அவரைப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்தாள்.

"அப்ப எம்புள்ள சுத்தமாத்தான் வந்து வாசல்ல படுத்திருந்தானா?"

"ஆமாம் அத்தை."

"திம்மா..." என்று மகன் பெயரைக் கத்திக்கொண்டு எழுந்து வாசலுக்கு ஓடினாள். பாடை வைத்திருந்த இடத்தில் விழுந்து தரையைத் தடவினாள். "மூஞ்சியப் பாக்காம அனுப்பிட்டனே! பாவி, பெத்தவ நானு, திரும்பிக்கூடப் பாக்கலியே!" தெருவே கூடிவிட்டது. தை மாதம் வராத அழுகை எல்லாம் இன்று வந்தது.

நான் ஜெயித்துவிட்டேன். ஐயோ, இதற்காகவா அலைந்தேன்? கோபமாவது அவளை நிமிர்த்தி உட்காரவைத்திருந்தது. அதையும் பிடுங்கிவிட்டேனே.

ஏப்ரல் 15

அத்தை சாப்பிடவில்லை. நானும்.

ஏப்ரல் 20

சாயங்காலம் தலைவாரிக்கொண்டிருந்தேன். அத்தை பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"சரசு, அவன் மூஞ்சி எப்டி இருந்திச்சி?"

நான் பார்த்த முகத்தை, துணி போட்டு மூடச் சொன்ன முகத்தை, பெற்றவளிடம் சொல்ல முடியுமா?

"ஒரு காயமும் இல்ல அத்தை. தூங்கற மாதிரிதான் இருந்தாரு."

"வாய் தொறந்திருந்திச்சா? சின்னதிலேருந்து வாயத் தொறந்துக்கினுதான் தூங்குவான்."

"ஆமாம். கொஞ்சம் தொறந்திருந்துச்சு."

தலையாட்டினாள். போய்க் கஞ்சி குடித்தாள்.

ஏப்ரல் 21

இன்றும் கேட்டாள். இன்றும் சொன்னேன்.