இவருக்குக் காய்ச்சிய தண்ணீர்

ஆடி 5, திங்கள்

காலையிலேயே புழுக்கம். தண்ணீர் லாரி ஏழு மணிக்கே வந்துவிட்டது. எட்டு குடம். நீல டிரம் நிறைந்தது.

இவருக்கு மறுபடியும் வயிற்றுப்போக்கு. ஒரு மாதத்தில் மூன்றாவது தடவை. இவர் ஓட்டுகிற லோடு ஆட்டோ சந்து முனையில் சும்மா நிற்கிறது. இவருக்குக் கன்னம் உள்ளே போய்விட்டது. இன்னொரு தடவை வந்தால் ஆஸ்பத்திரியில் சேர்க்கணும் என்கிறார் டாக்டர். தண்ணீரைக் காய்ச்சிக் கொடு என்றார். முதல் தடவையிலிருந்தே காய்ச்சித்தானே கொடுக்கிறேன்.

"பல்லாவரத்துல பஜ்ஜி துன்னியாய்யா?" என்று கேட்டேன்.

"எங்கம்மா மேல சத்தியமா துன்னல."

"உங்கம்மா போய்ச் சேர்ந்து பத்து வருசம் ஆவுது. அதான் தைரியமா பண்ற."

சிரித்தார். சிரித்தபடியே எழுந்து கக்கூசுக்கு ஓடினார். பாவம்.

ஆடி 6, செவ்வாய்

ரசம் சாதம், இரண்டு வாய். வாங்க வேண்டியது: உப்புசர்க்கரை பாக்கெட், தேய்க்கிற நார், கொசுவத்தி.

பக்கத்து வீட்டு மேரி எட்டிப் பார்த்தாள். "இன்னாக்கா, அண்ணன் இப்டி எளச்சிட்டாரு?"

"ஹீரோவா ஆக்கிக்கினு கீறேன். கண்ணு வைக்காத."

உள்ளே வந்தால் முழங்காலை வயிற்றோடு சேர்த்துச் சுருண்டு தூங்குகிறார். அதன் பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆடி 8, வியாழன்

தூறல். துணி காயவில்லை. சுகாதார நர்ஸ் சரளா வந்தது. எப்படிக் காய்ச்சுறீங்க, செஞ்சு காட்டுங்க என்றது. பெருமையாகக் காட்டினேன். தளதளவென்று கொதிக்கவிட்டு இறக்கினேன். இவர் சூடாகக் குடிக்க மாட்டார். அதனால் டிரம்மிலிருந்து ஒரு சொம்பு மொண்டு ஊற்றி விளாவினேன், குளிக்கிற வெந்நீருக்குச் செய்வதுபோல.

"தினமும் இப்படித்தானாக்கா?"

"ஆமா. நாக்கு சுட்டுடுமே."

"பச்சைத்தண்ணியக் கலந்துட்டா காய்ச்சினதுல என்னக்கா பிரயோஜனம்?"

ஊருக்கே பதில் சொல்லும் வாய். நர்ஸ் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டேன்.

இனிமேல்: மூடியபடி தானாக ஆறணும். கை விட்டு மொள்ளக் கூடாது. குழாய் வைத்த டப்பா நல்லது. டிரம்மைத் தேய்த்துக் கழுவணும்.

இவரிடம் சொன்னேன். "நான்தான்யா உனக்கு..."

"பஜ்ஜி பஜ்ஜின்னு திட்டினியே, அத இன்னா பண்றது?"

"வச்சிக்க. அடுத்த தபா துன்னும்போது கழிச்சிக்கலாம்."

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் பின்பக்கம் போய்க் கொஞ்சம் அழுதேன். டிரம் தேய்க்கிற சத்தத்தில் கேட்டிருக்காது.

ஆடி 9, வெள்ளி

தெருக்கோடி அம்மன் கோயிலில் ஸ்பீக்கர். ஆறு மணிக்குக் காய்ச்சி மூடினேன். ஒன்பதாகியும் ஆறவில்லை.

"தாகமா கீதுடி."

"பொறு."

தட்டு எடுத்து விசிறினேன். குண்டானுக்கு. "எனக்கு வேர்க்குது, அதுக்குக் காத்தா?" என்று முறைத்தார்.

ஆடி 13, செவ்வாய்

வெயில். நான்கு நாளாக வயிறு அடங்கியிருக்கிறது. இட்லி ஐந்து. இன்று வண்டி எடுத்தார். மறைமலை நகருக்கு லோடு. ஆறிய தண்ணீர் இரண்டு பாட்டில் கொடுத்தேன்.

சாயங்காலம் வந்ததும் பாட்டில் இரண்டையும் அவரே சோப்புப் போட்டுக் கழுவினார். மூடியைக்கூட. கவிழ்த்து வைத்தார். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் இவர் கை பட்டுக் கழுவிய முதல் சாமான். கேலி ஒன்று நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. சொன்னால் கழுவுவதையே விட்டுவிடுவார்.