ஸ்கேனில் காற்றாகத் தெரிந்த குச்சி

பாப்பாவுக்கு அப்பா எழுதறது. நீயும் மாப்பிள்ளையும் நல்லா இருக்கீங்கன்னு நெனச்சுக்கிட்டு எழுதறேன், நாங்களும் அப்படியேன்னு எழுதத்தான் கை வரல. அம்மாவுக்குச் சளி, அதான் போன்ல முகம் காட்டாமப் பேசறான்னு உன்கிட்ட சொன்னதெல்லாம் பொய். சொல்லக் கூடாதுன்னு அவதான் என் வாயைக் கட்டி வெச்சிருந்தா.

மழைக்கு அப்புறம் கொல்லையில முறிஞ்சு தொங்கின கிளையை இழுக்கப் போனவ, வழுக்கி அது மேலேயே விழுந்துட்டா. இடது புருவத்துக்குக் கீழே குச்சி குத்திடுச்சு, காயம் அரிசி அளவுதான். பக்கத்து கிளினிக்ல குச்சியை வெளியே எடுத்து, கழுவித் தையல் போட்டு, எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து ஒண்ணுமில்லன்னு அனுப்பிட்டாங்க. பார்வையும் அப்ப நல்லாத்தான் இருந்துச்சு. தையல் பிரிச்ச இடத்துல சீழ் வந்துச்சு, மாத்திரை போட்டா வத்தும், நிறுத்தினா மறுபடி வீங்கும். அப்புறம் அந்தக் கண்ணை மேலே தூக்க முடியல, நான் நின்னா ரெண்டு பேராத் தெரியறேன்னு சொன்னா, ஒருத்தரையே சமாளிக்க முடியலன்னு சிரிக்க வேற செஞ்சா.

கண் ஆஸ்பத்திரி டாக்டரம்மா எடுத்த எடுப்புலயே, எது குத்துச்சு, வெளியே எடுத்த குச்சி முழுசா இருந்துச்சான்னு கேட்டாங்க. இருந்த பதட்டத்துல அதை யார் பார்த்தா? மரம் எக்ஸ்ரேல தெரியாதுன்னு சொல்லி சி.டி. ஸ்கேன் எடுக்க வெச்சாங்க. கண்ணுக்குப் பின்னால கறுப்பா ஒரு கோடு, ஸ்கேன் எடுத்தவங்க அதைக் காத்துன்னு எழுதியிருந்தாங்க. டாக்டரம்மா அதையே உத்துப் பார்த்துட்டு, காத்தா இருந்தா இத்தனை வாரத்துல கரைஞ்சிருக்கும், இப்படி நேராவும் நிக்காது, இது குச்சியாத்தான் இருக்கும்னாங்க. உள்ளே இரும்பு இல்லன்னு உறுதியான பிறகுதான் எம்.ஆர்.ஐ.ங்கிற காந்த ஸ்கேன் எடுத்தாங்க, இரும்பு இருந்திருந்தா காந்தம் இழுத்துக் கண்ணையே கிழிச்சிருக்குமாம். அதுல பார்த்தப்ப, குச்சின்னு அவங்க சொன்னதுதான் சரின்னு ஆச்சு.

ஆபரேஷன் பண்ணி எடுத்துக் காட்டினாங்க, ஒரு விரல்கணு நீளம், ஊறிக் கறுத்துப்போய். அதுக்குள்ள சீழ் பார்வை நரம்பை அழிச்சிடுச்சு பாப்பா. இன்னும் விட்டிருந்தா மூளைக்கு ஏறியிருக்கும், உயிர் தப்பினதே பெரிசுன்னாங்க. அந்தக் கண்ணுக்கு இனி வெளிச்சம்கூடத் தெரியாதுன்னு அம்மாகிட்டயும் அவங்களே சொன்னாங்க. கட்டுப் போட்ட கண்ணு பக்கமா நான் நின்னேன், அவ என் கையைத் தேடி வெறும் இடத்தைத் துழாவினா.

இப்ப தண்ணி ஊத்தினா டம்ளருக்கு வெளியே போகுது, கதவு நிலையில தோளை இடிச்சுக்கறா. அழுது நான் பார்க்கல, குளிக்கப் போனா குழாய் மட்டும் ரொம்ப நேரம் ஓடுது.

மாப்பிள்ளைகிட்ட பக்குவமாச் சொல்லி, லீவு கிடைச்சதும் வா. ரெண்டு பேரும் நோய்நொடி அண்டாம நூறு வயசு இருக்கணும், அதுதான் எங்க ஆசீர்வாதம். ஒண்ணு மட்டும் மறந்துடாதே. அம்மாவைக் கண்டதும் ஓடிப்போய்க் கட்டிப்பிடிப்பே, தெரியும். இடது பக்கமாப் போகாதே, பதறிப் போயிடறா. குரல் கொடுத்துக்கிட்டே வலது பக்கமாப் போ.

உன் அப்பா