ரியாசுதீனை டாக்டரிடம் காட்டினேன்

அன்பு மகன் ராஜா முகமதுவுக்கு அம்மா ரஹ்மத் நிஷா சலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ் கிருபையில் நானும் உன் தம்பி ரியாசுதீனும் இருக்கிறோம், ஷார்ஜாவில் உன் உடம்புக்கும் வேலைக்கும் ஒரு குறையும் வராமல் இருக்க துஆ செய்கிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே கத்துவாய், அதனால்தான் எழுதி, அங்கே திரும்புகிற எதிர்வீட்டு பவுசியாவின் மாப்பிள்ளையிடம் கொடுத்துவிடுகிறேன். முழுக்கப் படித்துவிட்டுக் கத்து.

கிறுக்குத் தெளியட்டும் என்று தம்பியை நாற்பது நாள் தர்காவில் கொண்டுபோய் வைக்கச் சொன்னாயே, நான் வைக்கவில்லை, வைக்கவும் மாட்டேன். நம் தெரு மிஸ்பா கல்யாணத்தில் நாலு பேரோடு சகனில் உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிட மாட்டேன் என்று வீட்டுத் தட்டை எடுத்துப் போனான், அது ஒரு குத்தமா? வலை முடிச்சை எல்லாம் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் போட்டில் ஏறுகிறான், அதற்கும் ஊர் கிறுக்கன் என்கிறது. ஊர் வாயை அடைக்கவாவது என்று புதுக்கோட்டைக்குக் கூட்டிப்போய் ஒரு மனநல டாக்டரம்மாவிடம் காட்டினேன். அந்தம்மா, இது எப்ப இருந்துங்க, தூங்குறாரா, சாப்பிடுறாரா, வேலைக்குப் போறாரா, இதனால அவருக்கோ மத்தவங்களுக்கோ கஷ்டம் இருக்கா என்று கேட்டார். சின்னப்பிள்ளையிலிருந்தே இப்படித்தான், நன்றாகத் தூங்குகிறான், ஒருநாள் கடலுக்குப் போகாமல் இருந்ததில்லை என்றேன். அவனிடமும் அரைமணி நேரம் பேசிவிட்டு, வித்தியாசமா இருக்கறதெல்லாம் வியாதி இல்லைங்க, ஆளையும் பொழப்பையும் முடக்கிப் போட்டாத்தான் நாங்க வைத்தியம் பாப்போம் என்றார்.

அப்போது வாயைத் திறந்தான் பார், ஊமைக்கோட்டான்! நீங்க கேட்டதெல்லாம் எங்கம்மாவுக்குத்தான் இருக்கு என்றான். அத்தா மௌத்தாகி எட்டு மாசம், புருஷன் போனா வீட்டுக்குள்ளயே இத்தா இருக்கறது நாலு மாசம் பத்து நாளோட முடிஞ்சிருச்சு, இன்னிக்கு எனக்காக வந்ததத் தவிர அம்மா இன்னும் வாசப்படி தாண்டல, தூங்கறதில்ல, ரெண்டு வாய்க்கு மேல சோறு எறங்கல என்று ஒன்றுவிடாமல் சொன்னான். எனக்கு வந்த கோபத்துக்கு அங்கேயே அறைந்திருப்பேன். இத்தா முடிந்தும் வெளியே வராத என்னை, எவ்வளவு அடக்கமான பொம்பளை என்றுதானே தெருவே மெச்சியது, நானும் அதை நம்பித்தானே கிடந்தேன். டாக்டரம்மா அதே கேள்விகளை என்னிடம் கேட்டார். முதல் கேள்விக்கே அழுதுவிட்டேன் ராஜா. மருந்துச் சீட்டை என் பேருக்குத்தான் எழுதினார்.

பன்னிரண்டு நாளாக மாத்திரை போடுகிறேன். தூக்கம் கொஞ்சம் வருகிறது, மனசு தேற நாளாகுமாம், ஆகட்டும். யார் என்ன பேசினாலும் நிறுத்த மாட்டேன், வருகிற செவ்வாய்க்கிழமை நானே தனியாக பஸ் ஏறி டாக்டரம்மாவிடம் போவேன். நீ வேலையை விட்டுவிட்டு ஓடிவர வேண்டாம். தம்பியைக் கிறுக்கன் என்ற வார்த்தை மட்டும் இனி உன் வாயில் வரக்கூடாது. நேரத்துக்குச் சாப்பிடு, தொழுகையை விடாதே. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் பரக்கத்தும் தரட்டும். இன்னொன்று, நீ போன் செய்தபோதெல்லாம் நல்லா இருக்கேன் என்றுதான் சொல்லிவந்தேன், அது பொய். இனிமேல் என்னைப் பற்றித் தம்பியிடம் கேள், அவனுக்குப் பொய் சொல்ல வராது.

இப்படிக்கு,
உன் அம்மா ரஹ்மத் நிஷா
கோட்டைப்பட்டினம்